முதல் ஸ்கைடைவிங் ரிக் (பாராசூட் தொகுப்பு) வாங்கும் முன் ஒரு சந்தேகம்: 34 குதிப்பு முடித்தவருக்கு 150 சதுர அடி மெயின் (முதன்மைப் பாராசூட்) சரிப்படுமா?

நீலமுகில்:

அனைவருக்கும் வணக்கம். விமானத்திலிருந்து தனியாகக் குதிக்க அனுமதிக்கும் முதல் நிலையான ஏ உரிமம் பெற்று இரண்டு மாதங்கள் ஆகின்றன. பதிவேட்டில் இதுவரை 34 குதிப்புகள் ஏறியிருக்கின்றன. பயிற்சிக் காலத்தில் 230 சதுர அடி மெயினிலும், அதன் பிறகு 210-லும் குதித்து வருகிறேன். வாடகைக்குக் கிடைக்கும் ரிக் ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பதால், ஹார்னஸ் (உடலில் மாட்டும் பட்டைகள்) தோளில் உட்காரும் விதமும், மெயினை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்டான பைலட் சூட்டின் கைப்பிடி இருக்கும் இடமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகும் என் வலது கை அந்தக் கைப்பிடியைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சொந்த ரிக் வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

எங்கள் டிராப் ஜோனில் (குதிப்புத் திடலில்) மூத்த குதிப்பாளர் ஒருவர் தம்முடைய பழைய ரிக்கை விற்கிறார். மெயின் 150 சதுர அடி, ஒன்பது செல் (காற்று அறை); மெயின் தவறினால் விரிக்கும் ரிசர்வ் 143 சதுர அடி. ஏஏடி (தானாகவே ரிசர்வைத் திறக்கும் கருவி) இருக்கிறது, ஆனால் அதன் ஆயுள் அடுத்த ஆண்டு முடிகிறது. என் எடை 78 கிலோ. "உன் தரையிறக்கம் நன்றாக இருக்கிறது, 150-க்கு ஒரு மாதத்தில் பழகிவிடுவாய்" என்கிறார் அவர். அருகில் இருந்த இன்னொருவர், தானே இழுக்கத் தெரிந்தவனுக்கு ஏஏடி எதற்கு என்று கேட்டார். மற்றொருவர், மெயின் கழன்றதும் ரிசர்வைத் திறக்கும் பட்டையான ஆர்எஸ்எல்-ஐ முதல் நாளே கழற்றிவிடும்படி அறிவுரை சொன்னார். மூவருமே ஆயிரக்கணக்கில் குதித்தவர்கள். அவர்களிடம் எதிர்த்துப் பேச எனக்கு அனுபவமும் இல்லை, துணிவும் இல்லை. இந்த மூன்று விஷயங்களிலும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மேற்குக்காற்று:

நண்பரே, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் உடல் எடை 78 கிலோ. ரிக், தலைக்கவசம், உடை, காலணி எல்லாம் சேர்த்து 12 கிலோ என்று வைத்துக்கொண்டால், விமானத்தை விட்டு வெளியேறும்போது உங்கள் எடை 90 கிலோ, அதாவது ஏறத்தாழ 198 பவுண்டு. 210 சதுர அடி மெயினுக்கு விங் லோடிங் (ஒரு சதுர அடிக்கு எத்தனை பவுண்டு என்பது) 0.94 ஆகிறது. 150 சதுர அடிக்கு அது 1.32 ஆகிவிடுகிறது. புதியவர்களை 1.0-க்கு உள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 34 குதிப்பில் 1.32 என்பது நான் எந்தச் சூழ்நிலையிலும் ஒப்புக்கொள்ளாத எண்.

விங் லோடிங் மட்டும் முழுக் கதை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே விங் லோடிங்கில் இருந்தாலும், சிறிய கனோபியின் (விரியும் பாராசூட் துணியின்) கயிறுகள் நீளம் குறைந்தவை. அதனால் டாகிளை (பிரேக் கைப்பிடியை) இழுத்த கணமே அது திரும்பிவிடும், அந்தத் திருப்பத்தில் இழக்கும் உயரமும் விநாடிக்கு விநாடி கூடும். 210-ல் உங்கள் கைக்குப் பழகிய அரை அடி இழுப்பு, 150-ல் வேறொரு கட்டளையாகிவிடும்.

உங்கள் தரையிறக்கம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் அவர் பார்த்தவை, காற்று சீராக வீசிய நாட்களில், பரந்த திடலில், யாரும் குறுக்கே வராதபோது நீங்கள் செய்த தரையிறக்கங்கள். கனோபியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது மோசமான நாளை வைத்துத்தான். குதித்த இடம் தவறிவிட்டது, திடலுக்குத் திரும்ப முடியாது, கீழே தெரியும் ஒரே வெட்டவெளியை நோக்கிப் போகிறீர்கள், 80 அடி உயரத்தில்தான் குறுக்கே ஓடும் மின்கம்பி கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் எவருடைய கையும் ஒரு பக்கத்து டாகிளை முழுவதுமாக இழுக்கத்தான் பார்க்கும். 210-ல் அந்தத் தவறு கணுக்கால் முறிவோடு போகலாம். 150-ல் கனோபி ஒருபுறம் சாய்ந்து மூக்குக் குத்திப் பாய்ந்து, நிமிர்வதற்குள் தரை வந்துவிடும். இந்த விளையாட்டில் இறப்பவர்களில் பலர், எந்தக் கோளாறும் இல்லாமல் முழுதாக விரிந்த கனோபியின் கீழ்தான் இறக்கிறார்கள். வெளியில் இருப்பவர்கள் பாராசூட் விரியாமல் போவதை நினைத்து அஞ்சுகிறார்கள். நாம் அஞ்ச வேண்டியது தரையை ஒட்டிப் போடும் திருப்பத்தை.

ரிசர்வைப் பற்றி யாரும் உங்களிடம் பேசவில்லை என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 143 சதுர அடி ரிசர்வில் உங்கள் விங் லோடிங் 1.38. ரிசர்வைப் பயன்படுத்தும் நாள் என்பது ஏற்கனவே ஏதோ தவறாகிப்போன நாள். உயரம் குறைவு, மனம் பதறியிருக்கும், கீழே எந்த இடம் என்றும் தெரியாது. வானில் யாரோ மோதி நினைவிழந்து ஏஏடி-யின் தயவால் ரிசர்வ் விரிந்திருந்தால், ஃபிளேர் செய்யக்கூட (இறங்கும் முன் இரு டாகிள்களையும் இழுத்து வேகத்தைக் குறைக்கக்கூட) ஆள் இல்லாமல், பிரேக் கட்டியபடியே உங்கள் உடல் தரையில் இறங்கும். அந்த ஒரு இறக்கத்தை மனத்தில் வைத்து ரிசர்வின் அளவைத் தேர்ந்தெடுங்கள்.

என் பரிந்துரை இது. 210-லேயே இன்னும் சில டஜன் குதிப்புகள் செய்யுங்கள். சாயாமல் திரும்பும் தட்டைத் திருப்பம், பாதிப் பிரேக்கில் திரும்புவது, ஃபிளேர் செய்துகொண்டே சிறிது திசை மாற்றுவது, பின் ரைசரை (கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் பட்டையை) மட்டும் கொண்டு ஓட்டுவது, பக்கக் காற்றில் இறங்குவது ஆகிய எல்லாவற்றையும் முதலில் உயரத்தில் பழகி, நினைத்த இடத்தில் திரும்பத் திரும்ப இறங்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு 190. அதில் உங்கள் விங் லோடிங் 1.04 வரும். அங்கேயே நீண்ட காலம் தங்கலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

ஊசியும்நூலும்:

நான் ரிக்கராக (ரிக்கைப் பரிசோதித்து ரிசர்வை மடிப்பவராக) வேலை செய்கிறேன். மேலே சொல்லப்பட்டதோடு முழுவதும் உடன்படுகிறேன். அதோடு ஒரு நடைமுறைச் சிக்கலையும் கவனியுங்கள். அந்த ரிக்கை வாங்கிக்கொண்டு மெயினை மட்டும் 190-ஆக மாற்றிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். அது நடக்காது. 150-க்கு அளவெடுத்துத் தைத்த கன்டெய்னரில் (பாராசூட்களை வைக்கும் முதுகுப் பையில்) 190-ஐத் திணித்தால், மூடும்போதே முழங்காலை ஊன்றி மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மெயினை மடித்து வைத்த உள்பை அதற்குள் இறுகிக்கொண்டு, வெளியே வர வேண்டிய நேரத்தில் வராமல் தயங்கும். ரிசர்வ் பக்கமோ அதைவிடக் கடுமை. எந்த அளவு ரிசர்வை அதற்குள் மடிக்கலாம் என்பதைக் கன்டெய்னர் தயாரிப்பாளர் வரையறுத்திருப்பார். அதை மீறி மடிக்க நான் உடன்பட மாட்டேன். ஆகவே இந்த ரிக்கை வாங்குவதென்றால் 150-ஐயும் 143-ஐயும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

ஹார்னஸ் உங்கள் உடலுக்குப் பொருந்துகிறதா என்பதையும் யாரும் கேட்கவில்லை. விற்பவர் உங்களைவிட உயரமானவராக இருந்தால், மார்புப் பட்டை இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே இறங்கி, மெயினைப் பிடித்திருக்கும் மூன்று வளையங்களும் தோளுக்கு மேலே ஏறி நிற்கும். தொங்கிப் பார்க்கும் சட்டகத்தில் அரை மணி நேரம் தொங்கிப் பாருங்கள். மெயினைக் கழற்றும் கட்அவே கைப்பிடியும் ரிசர்வ் கைப்பிடியும் குனிந்தால் கண்ணுக்குத் தெரிகின்றனவா, கைக்கு எட்டுகின்றனவா என்பது அப்போது புரிந்துவிடும்.

எந்தப் பழைய ரிக்காக இருந்தாலும், கைப்பணம் மாறுவதற்கு முன் உங்களுக்கு வேண்டிய ஒரு ரிக்கரிடம் அதைக் கொடுத்துவிடுங்கள். விற்பவரின் ரிக்கர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் வேண்டாம். நான் பார்க்கும் சிலவற்றைச் சொல்கிறேன், உங்கள் கண்ணும் பழகட்டும். மூன்று வளைய விடுவிப்பு அமைப்பை முதலில் எடுத்துக்கொள்வேன். பில் பூத் 1970-களில் உருவாக்கிய இந்த அமைப்பில், பெரிய வளையத்துக்குள் நடு வளையமும், அதற்குள் சிறு வளையமும் மடங்கி, கடைசியில் ஒரு வெள்ளைக் கயிற்றுக் கண்ணும் அதற்குள் ஓடும் மஞ்சள் கேபிளும் எல்லாவற்றையும் பிடித்து நிற்கின்றன. ஒவ்வொரு வளையமும் நெம்புகோல்போல் பாரத்தைக் குறைத்துக் கொடுப்பதால், கனோபியின் முழு இழுப்பும் கேபிளுக்கு வந்துசேரும்போது மிகச் சிறிதாகிவிடுகிறது. ஒரு கை இழுப்பில் மெயின் கழன்று போவதன் ரகசியம் அதுதான். ஆனால் மாதக்கணக்கில் யாரும் பிரித்துப் பார்க்காத ரைசர்கள் வளைந்த நிலையிலேயே விறைத்துப்போகும், கேபிளின் மேல் பிசுக்குப் படியும். ரைசரைப் பிரித்து முன்னும் பின்னும் முறுக்கி நெகிழ்த்துவதும், கேபிளைத் துடைப்பதும் மாதம் ஒரு முறை நீங்களே செய்ய வேண்டிய வேலை. விற்பவரிடம் இதைக் கடைசியாக எப்போது செய்தார் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரமே உங்களுக்கு வேண்டிய பதில்.

அடுத்தது கயிறுகள். ஸ்பெக்ட்ரா வகைக் கயிறுகளில், கனோபி விரியும்போது அதை மெதுவாக்கும் துணியான ஸ்லைடர் உரசிக்கொண்டு இறங்கும் சூட்டினால் வெளிப்புறக் கயிறுகள் சுருங்கிப்போகின்றன. பிரேக் கயிறும் சுருங்கும். அப்படிச் சுருங்கினால் டாகிளைத் தொடாதபோதே கனோபி சிறிது பிரேக் பிடித்தபடிதான் பறக்கும். பைலட் சூட்டுக்குள் ஓடி, மெயின் விரிந்த பின் அதைச் சுருக்கும் கில் லைனும் இதேபோல் சுருங்கி, பைலட் சூட்டை முழுதாக விரியவிடாமல் தடுக்கும். மெயின் ஏன் தாமதமாக வருகிறது என்று தெரியாமல் பலர் திகைப்பது இதனால்தான். பைலட் சூட்டைச் செருகும் எலாஸ்டிக் பை தளர்ந்திருந்தால், நீங்கள் தொடாமலேயே அது காற்றில் உருவிக்கொண்டு போகலாம். அதன் விளைவு என்ன என்பதைப் பயிற்சி வகுப்பில் படித்திருப்பீர்கள்.

ஏஏடி-யின் தயாரிப்பு மாதம், பராமரிப்புக்குப் போன தேதி, ஆயுள் முடியும் தேதி ஆகியவற்றைக் கருவியிலும் ஆவணத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரிசர்வைக் கடைசியாக மடித்த தேதி தரவு அட்டையில் இருக்கும். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒரு முறை மடிக்க வேண்டும். சில நாடுகளில் ஓராண்டு வரை விடுகிறார்கள். உங்கள் சங்கத்தின் விதி எதுவோ அதுவே உங்களுக்கு.

வெள்ளிப்பிடி:

ஏஏடி, ஆர்எஸ்எல் இரண்டைப் பற்றியும் எனக்கு நேர்ந்ததை வைத்துச் சொல்கிறேன்.

என்னுடைய 61-வது குதிப்பு அது. 3,500 அடியில் பைலட் சூட்டை வீசினேன். கனோபி விரிந்த அதிர்ச்சியிலேயே வலது பிரேக் கழன்றுவிட்டது. இடது பிரேக் கட்டியபடியே இருந்தது. கனோபி இடப்பக்கமாகச் சுழலத் தொடங்கியதும் கயிறுகளும் முறுக்கிக்கொண்டன. ரைசர்கள் கழுத்துக்குப் பின்னால் ஒன்றாக இறுகிவிட்டதால் தலையை நிமிர்த்தி மேலே பார்க்க முடியவில்லை. கால்களை உதைத்து முறுக்கைப் பிரிக்கப் பார்த்தேன். ஒரு சுற்றுக் குறைந்தது, உடனே இரண்டு சுற்று ஏறியது. மணிக்கட்டில் ஆல்டிமீட்டர் 2,400 காட்டியது. எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முடிவெடுக்கும் உயரம் 2,500. அதைத் தாண்டிவிட்டோம் என்பதை உணர்ந்ததும் கட்அவே கைப்பிடியைப் பார்த்தேன், இரு கைகளாலும் பிடித்தேன், இழுத்தேன். கைகளை ரிசர்வ் கைப்பிடிக்குக் கொண்டுபோவதற்குள் ரிசர்வ் விரியத் தொடங்கிவிட்டது. கழன்றுபோன ரைசரோடு கட்டப்பட்டிருந்த ஆர்எஸ்எல் பட்டை ரிசர்வை மூடியிருக்கும் ஊசியை இழுத்துவிட்டிருந்தது.

தரையில் இறங்கிய பிறகு, ஐந்து விநாடிதான் போராடினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். கருவியில் பதிவானதைப் பார்த்தபோது 11 விநாடி. என் மூளை ஆறு விநாடிகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆர்எஸ்எல் எனக்கு எதற்கு என்ற கேள்வி அன்றோடு எனக்குத் தீர்ந்தது. பிரேக் கழன்றதற்குக் காரணமும் நான்தான். முந்தைய மடிப்பில் டாகிளின் முனையை அதன் உறைக்குள் முழுவதுமாகச் செருகவில்லை. அன்றிலிருந்து மடிக்கும்போது இரு டாகிள்களையும் விரலால் அழுத்திப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று என் ரிக்கில் ஏஏடி இருந்தது, உயிரோடும் இருந்தது. ஆனால் அது என்னைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. அனுபவமுள்ளவர்களுக்கான சைப்ரஸ் என்ற ஏஏடி, சுமார் 225 மீட்டர் உயரத்தில், அதாவது 750 அடியில், விநாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நீங்கள் விழுந்துகொண்டிருந்தால் மட்டுமே ரிசர்வின் மூடு கயிற்றை வெட்டும். அரைகுறையாக விரிந்து சுழலும் மெயினின் கீழ், இறங்கும் வேகம் அந்த எல்லையைத் தொடாமலே போகலாம். ஆனால் தரையில் மோதிச் சாக அந்த வேகம் தாராளமாகப் போதும். ஆகவே மோசமான மெயினைக் கழற்றிவிடும் முடிவை உங்களுக்காக ஏஏடி எடுக்காது.

அப்படியென்றால் அது எதற்கு? வானில் இன்னொருவரின் முழங்கால் தலையில் பட்டு நினைவிழந்தவருக்கு, உயரத்தை மறந்துபோனவருக்கு, கைப்பிடி கிடைக்காமல் தேடிக்கொண்டே விழுபவருக்கு. தானே இழுக்கத் தெரிந்தவர் என்பது நினைவோடு இருக்கும்வரைதான். வயிறு தரையைப் பார்க்க விழும்போது மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகம். 225 மீட்டரில் மிச்சம் இருப்பது நான்கு விநாடிக்குச் சற்று மேல். அந்தக் கடைசி நான்கு விநாடிக்காகத்தான் 1991-இல் சைப்ரஸ் வந்தது. அது இல்லாமல் நான் விமானத்தில் ஏறுவதில்லை, அது இருக்கிறது என்று நினைத்து ஒரு விநாடிகூடத் தாமதிப்பதும் இல்லை.

நீலமுகில்:

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ரிக்கர் ஐயா சொன்ன பிறகு அந்த ரிக்கைப் போட்டுப் பார்த்தேன். மார்புப் பட்டை எனக்கு நான்கு விரல் கீழே நிற்கிறது. இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. ஆர்எஸ்எல்-ஐக் கழற்றச் சொன்னவர் தம் ரிக்கில் உண்மையாகவே அதைக் கழற்றி வைத்திருக்கிறார். அவர் எந்தக் காரணமும் இல்லாமல் அப்படிச் செய்திருக்க மாட்டார் அல்லவா? அடுத்தது, 190-ஐ வாடகைக்குக் கேட்டபோது அருகில் இருந்த ஓரிருவர், "இன்னும் பெரிய கூரையின் கீழேயா?" என்று சிரித்தார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெள்ளிப்பிடி:

அவருக்குக் காரணம் இருக்கும். தலையில் கேமரா மாட்டிக் குதிப்பவர்கள், வானில் கனோபிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பறப்பவர்கள், மிகச் சிறிய கனோபியில் வேகமாகச் சுழலக்கூடியவர்கள் ஆகியோரில் சிலர், மெயின் கழன்றதும் உடலை நிலைப்படுத்திய பிறகே ரிசர்வ் விரிய வேண்டும் என்று கருதி அதைத் தவிர்க்கிறார்கள். கனோபி இணைப்புக் குதிப்பில் அது நியாயமான முடிவுதான். அந்தக் காரணங்களில் ஒன்றுகூட உங்களுக்கு இன்று பொருந்தாது. அவருடைய ரிக்குக்குச் சரியான விடையை உங்கள் ரிக்குக்கு அவர் கொடுத்துவிட்டார், அவ்வளவே.

மேற்குக்காற்று:

சிரித்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன், இது எனக்கு நெருக்கமான விஷயம். நம் கூட்டத்தில் நல்ல வழக்கங்கள் நிறைய இருக்கின்றன. முதன்முதலாக எதைச் செய்தாலும் மாலையில் எல்லாருக்கும் பீர் வாங்கித் தருவது, நூறாவது குதிப்பன்று முகத்தில் க்ரீம் பண்டத்தைப் பூசுவது, ரிசர்வ் உயிரைக் காத்தால் அதை மடித்த ரிக்கருக்கு ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அன்பின் அடையாளங்கள். கதவு திறப்பதற்கு முன் அறிமுகமே இல்லாத ஒருவர் உங்கள் முதுகைத் தட்டி, மூடியைத் தூக்கி ஊசியைப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று சொல்வார். அதைவிடப் பெரிய மரியாதையை நான் எங்கும் கண்டதில்லை.

ஆனால் கனோபியின் சதுர அடியை வைத்து ஆளை அளக்கும் பழக்கமும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறது. சாதனங்கள் எவ்வளவு பாதுகாப்பானவையாக மாறுகின்றனவோ, அவ்வளவுக்கு நாம் துணிச்சலைக் கூட்டிக்கொண்டு இறப்பு விகிதத்தை அதே இடத்தில் வைத்திருப்போம் என்று மூன்று வளையத்தைத் தந்த பில் பூத்தே சொல்லியிருக்கிறார். நான் பழகிய மூத்தவர்களில் இருவர், என்னைவிடத் திறமையானவர்கள், நல்ல கனோபியைத் தாழ்வாகத் திருப்பிப் போய்ச்சேர்ந்தார்கள். அவர்களுடைய பெரிய கனோபியைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை, ஏனென்றால் அவர்களிடம் பெரிய கனோபியே இருந்ததில்லை.

அடுத்த முறை யாராவது கேட்டால், "பயிற்றுநர் 190 என்று சொல்லியிருக்கிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிக்கை மாட்டிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. காற்று கூடிய நாளில் விமானத்திலேயே அமர்ந்து கீழே இறங்கி வருவதற்கும் இதே பதில் போதும்.

நீலமுகில்:

விற்பவரிடம் இன்று காலை நேரில் சொல்லிவிட்டேன். நான் அஞ்சியதுபோல அவர் வருத்தப்படவில்லை. தாம் முதன்முதலில் வாங்கியது 220 என்று சொன்னார். 210-லேயே தொடர்ந்து, பயிற்றுநர் கைகாட்டிய பிறகு 190-ஐ வாடகைக்கு எடுக்கப் போகிறேன். இதற்கிடையில், 190 மெயினும் 193 ரிசர்வும் கொண்ட பழைய ரிக் ஒன்று வேறொருவரிடம் இருப்பதாகத் தெரிந்தது. ரிசர்வை மடித்த காலக்கெடு அடுத்த வாரம் முடிகிறது. ரிக்கர் ஐயா, அதை எந்த நிலையில் வாங்கிப் பார்ப்பது நல்லது?

ஊசியும்நூலும்:

காலக்கெடு முடிவது உங்களுக்கு நல்லதுதான். விற்பவர் சம்மதித்தால், மடித்தபடியே ரிக்கரிடம் கொண்டுபோய், ரிக்கை மாட்டிக்கொண்டு ரிசர்வ் கைப்பிடியை நீங்களே இழுங்கள். தர விதியின்படி அதற்கு 22 பவுண்டு விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது. ஆனால் எண்ணைப் படிப்பது வேறு, கை அறிவது வேறு. வெளிநோக்கிப் பிடுங்கி, முழுக் கையையும் நீட்டி இழுங்கள். ஊசி விலகியதும் சுருள்வில் பைலட் சூட் துள்ளி எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். அதன் பிறகு ரிக்கர் கயிறு கயிறாகப் பரிசோதிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். மடித்து முடிக்கச் சில மணி நேரம் ஆகும், அன்று குதிப்பதற்கென்று வேறு திட்டம் வைத்துக்கொள்ளாதீர்கள்.